மூன்று கதவை அடைக்கப் போய்: யூடியூப் வழிதவறிய 2 மணி 14 நிமிடம்

2008 பிப்ரவரி 25, திங்கட்கிழமை. நம் கடிகாரத்தில் நள்ளிரவு தாண்டி 12:17. பாகிஸ்தானில் இன்னும் ஞாயிறு முடியவில்லை, இரவு 11:47. யூடியூப்பின் தலைமையகம் இருக்கும் கலிபோர்னியாவில் ஞாயிறு காலை 10:47. அந்த நிமிடத்திலிருந்து உலகின் பல மூலைகளில் யூடியூப்பைத் திறந்தவர்களுக்குப் பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிழைச் செய்திகூட உடனே வரவில்லை. சர்வர்கள் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தன. கடலுக்கடியில் எந்தக் கேபிளும் அறுபடவில்லை. பார்க்க வந்தவர்களின் பாக்கெட்டுகள் (தகவலைத் துண்டாக்கி அனுப்பும் சிறு பொட்டலங்கள்) மட்டும் யூடியூப்புக்குப் போகாமல் பாகிஸ்தானுக்குப் போய்க்கொண்டிருந்தன.

நெட்வொர்க் வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு, பாக்கெட்டுக்குப் பாதை காட்டும் வேலையான ரூட்டிங்கைச் சொல்லிக்கொடுக்க நான் இன்றைக்கும் இந்த இரவைத்தான் எடுக்கிறேன். நடந்ததெல்லாம் நேரத்தோடு பதிவாகியிருப்பது ஒரு காரணம். ஐரோப்பாவின் முகவரிப் பதிவகமான ரைப் என்சிசி, ரூட்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதை உலகின் பல இடங்களில் உட்கார்ந்து ஒட்டுக்கேட்டுச் சேமித்துவைக்கிறது. கீழே வரும் நேரங்கள் அந்தப் பதிவில் உள்ளவை. நம் நேரத்துக்கு மாற்றியிருக்கிறேன்.

உத்தரவு

பிப்ரவரி 22 அன்று பாகிஸ்தான் தொலைத்தொடர்பு ஆணையம் உள்நாட்டு இணைய நிறுவனங்களுக்கு ஓர் உத்தரவு அனுப்பியது. மத உணர்வைப் புண்படுத்துவதாகக் கருதப்பட்ட ஒரு காணொளியைத் தடுக்க வேண்டும் என்பது விஷயம். காணொளியின் இணைப்போடு மூன்று ஐபி முகவரிகளும் அதில் இருந்தன: 208.65.153.238, 208.65.153.251, 208.65.153.253. 

சிக்கல் இங்கேயே தொடங்குகிறது. ரூட்டருக்குக் காணொளி என்றால் என்னவென்று தெரியாது. அந்தக்கால ஆர்.எம்.எஸ். ரயில் பெட்டியில் கடிதம் பிரித்தவரைப்போல அது. உறைக்குள் கல்யாணப் பத்திரிகையா கோர்ட் நோட்டீஸா என்று பார்க்காது. மேலே எழுதிய எண்ணைப் பார்க்கும், அதற்குரிய பையில் போடும். ஒரு காணொளியை மட்டும் பொறுக்கி நிறுத்த வேறு கருவி வேண்டும். அது கையில் இல்லாதவர்கள், காணொளி இருக்கும் முகவரிக்கே பாதையை அடைப்பார்கள்.

அடைப்பதற்கு ஒரு பழைய உத்தி உண்டு. சிஸ்கோ ரூட்டரில் நல்0 (Null0) என்ற பெயரில் ஓர் இடைமுகம் இருக்கிறது. அதில் கேபிள் செருக முடியாது, மறுமுனை என்று எதுவும் கிடையாது. அங்கே அனுப்பிய பாக்கெட் கிணற்றில் போட்ட கல். ரூட்டரிடம் இதைச் சொல்லும் வரி, தமிழ் எழுத்தில் எழுதினால், இவ்வளவுதான்:

ஐபி ரூட் 208.65.153.0 255.255.255.0 நல்0

நாடு முழுக்க இருக்கும் நூற்றுக்கணக்கான ரூட்டர்களில் ஒவ்வொன்றாக இதை அடித்துக்கொண்டிருக்க முடியாது. அதனால் ஒரு ரூட்டரில் போட்டுவிட்டு, ரூட்டர்கள் பாதைகளைப் பரிமாறிக்கொள்ளும் மொழியான பிஜிபி வழியாக மற்ற ரூட்டர்களுக்குச் சொல்ல விடுவது வழக்கம். "இந்த முகவரிகளுக்கு வருவதை என்னிடம் அனுப்புங்கள்" என்று அது உள்ளூரில் சொல்லும்; வந்ததைக் கிணற்றில் போடும். வீட்டுக்குள் சொன்ன இந்தச் சேதி வாசலைத் தாண்டக்கூடாது. தாண்டாமல் இருக்க, வெளிநாட்டு இணைப்பின் பக்கம் ஒரு ஃபில்டர் வேண்டும். உத்தரவைப் பெற்ற இணைய நிறுவனங்களில் ஒன்றான பாகிஸ்தான் டெலிகாமின் அறிவிப்பு வாசலைத் தாண்டி, அதற்கு வெளிநாட்டு இணைப்பு தந்த ஹாங்காங்கின் பிசிசிடபிள்யூ குளோபல் நிறுவனத்தின் ரூட்டருக்குப் போய்ச் சேர்ந்தது. 12:17 என்பது அந்த நிமிடம்.

சொன்னால் நம்பும் உலகம்

இணையத்துக்கென்று ஒரு தலைமை வரைபடம் எங்கோ இருக்கிறது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி எதுவும் கிடையாது. பல்லாயிரம் தனி நெட்வொர்க்குகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஏஎஸ் எண் என்று ஓர் எண். யூடியூப்புக்கு அப்போது 36561. கூகுள் 2006-இலேயே யூடியூப்பை வாங்கியிருந்தாலும் நெட்வொர்க் இன்னும் தனிக்குடித்தனம்தான். பாகிஸ்தான் டெலிகாம் 17557, பிசிசிடபிள்யூ 3491. 

பக்கத்துப் பக்கத்து நெட்வொர்க்குகளின் ரூட்டர்கள் பிஜிபியில் பேசிக்கொள்ளும். "இந்த முகவரித் தொகுதி என்னிடம் இருக்கிறது" என்று ஒருவர் சொல்வார். கேட்டவர் தன் எண்ணை முன்னால் ஒட்டிக்கொண்டு அடுத்தவருக்குச் சொல்வார். இப்படி வாய்வழியாகப் பரவுவதுதான் ஒவ்வொரு ரூட்டரிலும் அட்டவணையாக உட்கார்ந்திருக்கிறது. அந்த நாளில் அதில் இரண்டரை லட்சம் அளவில் பாதைகள் இருந்தன. சொல்பவர் உண்மையைச் சொல்கிறாரா என்று சரிபார்க்கும் ஏற்பாடு பிஜிபிக்குள் இல்லை. 1989 ஜனவரியில் டெக்சாஸின் ஆஸ்டின் நகரில் நடந்த ஒரு கூட்டத்தின்போது, கிர்க் லோஹீட், யாக்கோவ் ரெக்டர் என்ற இரண்டு பொறியாளர்கள் சாப்பாட்டு மேஜையில் காகித நாப்கின்களில் இதன் முதல் வடிவத்தைக் கிறுக்கினார்கள். அன்றைக்கு இணையத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஒருவரையொருவர் தெரிந்தவர்கள். நாப்கினில் சந்தேகத்துக்கு இடம் இல்லாமல் போனதில் வியப்பில்லை.

சரி, யூடியூப்பும் தன் முகவரிகளை அறிவித்துக்கொண்டுதானே இருந்தது? பாகிஸ்தான் டெலிகாமின் பேச்சு ஏன் எடுபட்டது?

ஒரு பஸ் நிலையத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கண்டக்டர் "திருச்சி, திருச்சி" என்று கூவுகிறார். இன்னொருவர் "ஸ்ரீரங்கம், ஸ்ரீரங்கம்" என்கிறார். ஸ்ரீரங்கம் போகிறவர் எதில் ஏறுவார்? திருச்சி பஸ்ஸும் அவரைக் கொண்டுபோய்ச் சேர்க்கும்தான். ஆனாலும் தன் ஊரின் பெயரையே சொல்பவரிடம்தான் போவார். ரூட்டரும் அப்படித்தான், அதுவும் விதிவிலக்கே இல்லாமல். ஒரு முகவரிக்கு இரண்டு பாதைகள் பொருந்தினால், எது குறுகலாக, அந்த முகவரிக்கு நெருக்கமாகச் சொல்கிறதோ அதுதான் வெல்லும். யார் சொன்னது, எவ்வளவு நாளாகச் சொல்கிறார் என்பதெல்லாம் கணக்கில் வராது.

எண்ணில் பார்க்கலாம். யூடியூப் அறிவித்திருந்தது 208.65.152.0/22. முகவரியின் 32 பிட்டில் முதல் 22 பொருந்தினால் போதும் என்று பொருள். முதல் இரண்டு எண்களும் சேர்ந்து 16 பிட். மீதி 6 பிட் மூன்றாவது எண்ணிலிருந்து வர வேண்டும். 152-ஐ இரும எண்ணில் எழுதினால் 10011000. 153 என்றால் 10011001, 154 என்றால் 10011010, 155 என்றால் 10011011. நான்கிலும் முதல் ஆறு இலக்கம் 100110. கடைசி இரண்டு எதுவானாலும் சரி. ஆக 152 முதல் 155 வரை 1024 முகவரிகளும் அந்த ஒரே அறிவிப்பில் அடங்கும். பாகிஸ்தான் டெலிகாம் அறிவித்தது 208.65.153.0/24. இதற்கு 24 பிட்டும் பொருந்த வேண்டும், கடைசி இரண்டும் 01 ஆகவே இருக்க வேண்டும். 208.65.153.238-க்குப் போகும் பாக்கெட்டுக்கு இரண்டும் பொருந்துகின்றன: ஒன்று 22 பிட், ஒன்று 24. ரூட்டருக்கு யோசிக்க எதுவுமே இல்லை. ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏற்றிவிட்டது. பஸ் நேராக ஷெட்டுக்குள் போனது.

மூன்றும் இருநூற்று ஐம்பத்தாறும்

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் கடந்துபோகிற ஓர் இடம் இருக்கிறது. உத்தரவில் இருந்தவை மூன்று முகவரிகள். மூன்றுக்கும் தனித்தனியாக /32 (32 பிட்டும் பொருந்தும் ஒரே ஒரு முகவரி) என்று மூன்று வரி எழுதியிருக்கலாம். உள்ளூர்த் தடைக்கு அதுவே போதும். அப்படி எழுதியிருந்து, அது வாசலைத் தாண்டியும் போயிருந்தால்? பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. உலகத்து நெட்வொர்க்குகளில் பெரும்பாலானவை /24-ஐவிடச் சிறிய துண்டுகளை வெளியாரிடமிருந்து வாங்குவதில்லை. அட்டவணை வீங்கிவிடும் என்பதற்காக வைத்துக்கொண்ட எழுதாத விதி அது. அந்த மூன்று /32-களும் அடுத்த வாசலிலேயே குப்பைக்குப் போயிருக்கும்.

மூன்று கதவை அடைக்க 256 கதவுள்ள தெருவையே அடைத்தார்கள். அந்தத் தெருவின் அளவோ உலகம் தட்டாமல் வாங்கிக்கொள்ளும் அளவு. இரண்டு மூன்று நிமிடத்துக்குள் பெரிய நெட்வொர்க்குகளில் பெரும்பாலானவற்றின் அட்டவணையில் யூடியூப்பின் முகப்பு பாகிஸ்தானில் இருப்பதாக எழுதியாகிவிட்டது. 

அந்த நேரத்தில் ஒரு சாதாரண கணினியில் என்ன நடந்திருக்கும்? பிரவுசர் யூடியூப்பின் பெயரைக் கேட்டு ஐபி முகவரியைச் சரியாகவே வாங்கிக்கொள்கிறது. பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ்ஸில் கோளாறு எதுவும் இல்லை. முகவரிக்கு "இணையலாமா?" என்று ஒரு சிறு பாக்கெட் போகிறது. பதில் இல்லை. சில நொடி கழித்து இன்னொன்று. பதில் இல்லை. அதற்கப்புறம் இன்னும் கொஞ்சம் பொறுத்து மற்றொன்று. மறுமுனை மறுத்திருந்தால் உடனே பிழை தெரிந்திருக்கும். கிணற்றிலிருந்து மறுப்பும் வராது, அதனால்தான் பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது. இணைப்பே உருவாகாததால் காணொளிகளின் பெருஞ்சுமை பாகிஸ்தானின் பக்கம் திரும்பவில்லை. தட்டும் சத்தம் மட்டும் போனது. ஆனால் தட்டியது பாதி உலகம்.

இழுபறி

யூடியூப் பதில் சொன்னது 1:37-க்கு. 80 நிமிடம் கழித்து. ஞாயிற்றுக்கிழமை காலையில் முதலில் தங்கள் சர்வரைத்தான் சந்தேகப்பட்டிருப்பார்கள், வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். சர்வர் நலமாக இருக்கிறது, கூட்டம் மட்டும் குறைகிறது என்றால் புத்தி ரூட்டிங் பக்கம் போக நேரம் எடுக்கும். 

அவர்கள் செய்தது, தாங்களும் 208.65.153.0/24 என்று அறிவித்தது. இப்போது இரண்டு கண்டக்டரும் ஸ்ரீரங்கம் என்றே கூவுகிறார்கள். நீளம் சமம். இனி எது வெல்லும்?

பாதையில் எத்தனை ஏஎஸ் எண்கள் இருக்கின்றன என்று எண்ணி, குறைவானதை ரூட்டர் எடுக்கும் என்று பாடப்புத்தகம் சொல்லும். நடைமுறையில் அதற்கு முன்னால் இன்னொரு படி இருக்கிறது, அது பணம். தனக்குக் காசு கொடுக்கும் வாடிக்கையாளர் சொன்ன பாதைக்குத்தான் எந்த நிறுவனமும் முதலிடம் தரும். அந்தப் பக்கம் போகும் ஒவ்வொரு மெகாபிட்டும் வருமானம். சமதையான கூட்டாளி சொன்னது இரண்டாவது. தான் காசு கொடுத்து வாங்கும் இணைப்பு கடைசி. எண்ணிக்கையை எண்ணுவது இதற்கெல்லாம் பிறகுதான். பாகிஸ்தான் டெலிகாம் பிசிசிடபிள்யூவுக்கு வாடிக்கையாளர். எனவே பிசிசிடபிள்யூவும் அதைச் சார்ந்தவர்களும் கிணற்றுப் பாதையிலேயே இருந்தார்கள். யூடியூப்புக்கு அருகில் இருந்தவர்கள் திரும்பினார்கள். உலகம் இரண்டாகப் பிரிந்து நின்றது. ஒரே ஊரில் ஓர் இணைப்பில் யூடியூப் வரும், பக்கத்து வீட்டு இணைப்பில் வராது என்ற நிலை.

1:48-க்கு அடுத்த அடி. யூடியூப் தன் /24-ஐயும் இரண்டாக வெட்டி, 208.65.153.0/25, 208.65.153.128/25 என்று அறிவித்தது. எந்த விதி அவர்களைக் கவிழ்த்ததோ அதே விதியை எடுத்துத் திருப்பி வீசினார்கள்: இன்னும் குறுகலாகச் சொன்னால் இன்னும் வலு. உத்தரவில் இருந்த மூன்று முகவரிகளும் 128-க்கு மேற்பட்ட பாதியில்தான் இருந்தன, ஆனாலும் இரண்டையும் அறிவித்தார்கள். வாங்கிக்கொண்ட ரூட்டர்களில் உடனே வென்றது. ஆனால் முன்னால் சொன்ன எழுதாத விதி இப்போது யூடியூப்புக்கே குறுக்கே நின்றது. /25 என்பதால் பலர் வாங்கவே இல்லை. இதைவிடச் சிறிதாக வெட்டிப் பயன் இல்லை. யூடியூப்பின் கையில் இருந்த ஆயுதம் இத்தோடு தீர்ந்தது. மற்றதெல்லாம் பிசிசிடபிள்யூவின் கையில்.

2:21-க்கு ஒரு வேடிக்கை. பிசிசிடபிள்யூ வழியாக வந்த பாதையில் 17557 என்ற எண் இரண்டு முறை தோன்றத் தொடங்கியது. பாதை ஒரு படி நீண்டதாகத் தெரிந்தால் சிலராவது யூடியூப் பக்கம் திரும்புவார்கள். கொஞ்சம் பேர் திரும்பவும் செய்தார்கள். கை முறிந்தவனுக்கு இருமல் மருந்து கொடுத்தது போன்ற வைத்தியம் என்றுதான் எனக்குத் தோன்றும்.

2:31-க்கு, 17557-இலிருந்து தோன்றிய அறிவிப்புகள் எல்லாவற்றையும் பிசிசிடபிள்யூ திரும்பப் பெற்றது. கேபிளைப் பிடுங்கவில்லை, பாகிஸ்தான் டெலிகாம் வழியாக வந்த மற்ற பாகிஸ்தான் நெட்வொர்க்குகளின் பாதைகள் அப்படியே தொடர்ந்தன. மொத்தம் 2 மணி 14 நிமிடம்.

யார் மேல் பழி

பாகிஸ்தானைக் கைகாட்டுவது எளிது. உள்ளூரில் வைத்திருக்க வேண்டியதை வெளியே விட்டது பிழைதான், அதில் பேச்சில்லை. ஆனால் என் கணக்கில் பெரிய பங்கு பிசிசிடபிள்யூவுக்கு. கைப்பிழை எந்த நிறுவனத்திலும் நடக்கும். வாடிக்கையாளர் ஒரு தொகுதியை அறிவிக்கும்போது "இது உன்னுடையதா?" என்று கேட்பது மேலே இருப்பவரின் வேலை. அதற்கான பட்டியல்களும் அன்றே இருந்தன. யாருடைய முகவரி எது என்று பதிவேடுகளில் எழுதிவைத்து, அதிலிருந்து ஃபில்டர் செய்துகொள்ளலாம். 

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு சிறிய இணைய நிறுவனத்தில், வாடிக்கையாளர் ஒருவரின் /24-ஐச் சேர்க்கும்போது மூன்றாவது எண்ணில் ஓர் இலக்கத்தை மாற்றி அடித்துவிட்டேன். எங்களுக்கு இரண்டு அப்ஸ்ட்ரீம், அதாவது மேலே இருந்து இணைப்பு தரும் நிறுவனங்கள். ஒன்று அதைச் சீந்தவே இல்லை. மற்றொன்று ஒரு கேள்வியும் கேட்காமல் வாங்கி உலகத்துக்கு அனுப்பிவிட்டது. "எங்கள் முகவரியை நீங்கள் ஏன் அறிவிக்கிறீர்கள்?" என்று முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து மெயில் வந்த பிறகுதான் விழித்தேன். மெயில் மரியாதையாகத்தான் இருந்தது. படித்த எனக்குத்தான் உள்ளங்கை வேர்த்தது. ஒரே ஆள், ஒரே பிழை, ஒரே நிமிடம். ஒரு பக்கம் நின்றது, ஒரு பக்கம் ஓடியது. 

பிறகு

அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே, லாஸ் வேகாஸின் டெஃப்கான் என்ற ஹேக்கர் மாநாட்டில் டோனி கப்பேலாவும் அலெக்ஸ் பிலோசோவும் இதே ஓட்டையை வேண்டுமென்றே பயன்படுத்திக் காட்டினார்கள். போக்குவரத்தைத் தங்கள் பக்கம் திருப்பி, பார்த்துவிட்டு, சரியான இடத்துக்கே அனுப்பினார்கள். கிணற்றில் போடாததால் உரியவருக்கு எதுவும் தெரியாது. 2018 ஏப்ரலில் வேறு யாரோ அமேசானின் டிஎன்எஸ் முகவரிகளை இப்படித் திருப்பி, ஒரு கிரிப்டோ பணப்பை தளத்தின் பயனர்களிடம் திருடவும் செய்தார்கள். 

ஆர்பிகேஐ என்ற ஏற்பாடு 2012-13 வாக்கில் தரநிலைகளாக வெளிவந்தது. முகவரியின் உரிமையாளர், "இந்தத் தொகுதியை இந்த ஏஎஸ் எண்தான் அறிவிக்கலாம், இந்த அளவு வரைதான் வெட்டலாம்" என்று மறைகுறியீட்டுக் கையெழுத்தோடு பதிவகத்தில் ஒரு சான்று வைப்பார். எங்கள் பேச்சில் ரோவா. மற்ற நெட்வொர்க்குகள் அறிவிப்பைச் சான்றோடு ஒப்பிட்டு, பொருந்தாததைத் தள்ளும். 2008-இல் யூடியூப்புக்கு /22-க்கு ஒரு ரோவா, /24 வரை வெட்டலாம் என்ற வரம்போடு இருந்து, பிசிசிடபிள்யூவும் சரிபார்த்திருந்தால், 12:17-க்கே கதை முடிந்திருக்கும். அந்த வரம்போடு இருந்திருந்தால் 1:48-க்கு யூடியூப் அறிவித்த /25-களும் செல்லாதவையாகியிருக்கும் என்பது வேறு விஷயம். ரோவா எழுதும்போது எதற்கும் இருக்கட்டும் என்று வரம்பைத் தாராளமாக வைக்கிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அது கூடாது. சான்று பார்ப்பது பாதையின் கடைசி எண்ணை, அதாவது முதலில் அறிவித்தவரின் எண்ணை மட்டும். அந்த எண்ணைப் போலியாக ஒட்டிக்கொண்டு, நீங்கள் அறிவிக்காத சிறு துண்டை ஒருவர் அறிவித்தால் சான்று அவருக்கே துணைபோகும்.

2021 பிப்ரவரி 5. மியான்மரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்துச் சில நாள். ட்விட்டரைத் தடுக்க உத்தரவு. அங்கே ஒரு நிறுவனம் தடுக்கப்போய் ட்விட்டரின் 104.244.42.0/24-ஐத் தன்னுடையதாக வெளியுலகுக்கு அறிவித்துவிட்டது. 13 ஆண்டு கழித்து, எழுத்து மாறாமல் அதே பிழை. 2022 மார்ச் 28 அன்று ரஷ்யாவில் ஆர்டிகாம் என்ற நிறுவனமும் அதே 104.244.42.0/24-ஐ அறிவித்தது. இடைப்பட்ட ஓராண்டில் ட்விட்டர் அந்தத் தொகுதிக்கு ரோவா வைத்திருந்தது, பெரிய நெட்வொர்க்குகள் பலவும் சரிபார்க்கத் தொடங்கியிருந்தன. இம்முறை அறிவிப்பு அதிக தூரம் பரவவில்லை.